பாயசத்தோடு எழுந்தவன்

1

சிங்கப்பூருக்கு வருகிறவர்கள் எந்தெந்தச் சாப்பாட்டுக் கடையைத் தவறவிடக் கூடாது என்று எழுதி அனுப்பச் சொல்லி ஊரிலிருந்து நம் சபைப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டு மூன்று மாதமாகிறது. நான் இங்கே கப்பலை விட்டு இறங்கி இந்த மாதத்தோடு இருபது வருஷம். அந்த இருபது வருஷமும் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டு, மத்தியானம் வீட்டிலிருந்து தூக்கில் கொண்டுபோன சோற்றைத் தின்றவன். பேர்போன கடைகளைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஆனால் போன வருஷம், பத்தே நாளில் இந்த ஊர்க் கடைகளையெல்லாம் ஏறி இறங்கும்படி ஒரு காரியம் நேர்ந்தது. அதைச் சொன்னால் கடைகளையும் சொன்னதாகிவிடும்.

என் மனைவி தங்கத்தின் அண்ணன் யேசுவடியான் மச்சான் ஊரிலிருந்து வந்திருந்தார். கோட்டாற்றில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிறவர். வியாபாரத்தைவிடப் பந்தி விசாரிப்பதில்தான் அவருக்குப் பேர் அதிகம். எந்தக் கல்யாண வீட்டிலும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசைக்கு நடுவே நடப்பார். எந்த இலையில் எரிசேரி விழவில்லை என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். மயிலாடியில் என் கல்யாணத்தன்று நடந்ததை இப்போதும் மறக்கவில்லை. சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் நேரம் கழித்து வந்தார். அவருக்கு இடம் பண்ணுவதற்காக, பாதிச் சாப்பாட்டில் இருந்த ஒரு கல்தச்சரை யாரோ எழுப்பிவிட்டார்கள். மச்சான் ஓடிவந்து அந்தக் கல்தச்சரின் கையைப் பிடித்து அதே இலையில் திரும்ப உட்கார வைத்தார். "கை நனச்ச ஆள எழுப்புனா, பொறவு இந்த வீட்டுல எவனுக்கும் சோறு எறங்காது" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். உத்தியோகஸ்தர் பந்தி முடிகிற வரையில் தூணோரம் நின்றார். அன்றைக்கு மச்சான்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை. அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராததற்கும் அதுதான் காரணம்.

அவர் சிங்கப்பூர் பார்க்க வரவில்லை. என் மகள் எஸ்தரை அழைத்துப் போக வந்தார்.

2

நாங்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட நாளில் மச்சான் வில்வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு, "பெண் பொறந்தா அது எனக்க வீட்டுக்கு" என்று சொன்னார். நான் தலையை ஆட்டினேன். வண்டி ஆட்டத்தில் தலை தானாக ஆடியது என்று பிற்பாடு சொல்லிப் பார்த்தேன், தங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் வருஷம் எஸ்தர் பிறந்தாள். மச்சானுக்கு ஒரு மகன், தாசன். கோட்டாற்றுக் கடையில் இப்போது அவன்தான் தராசு பிடிக்கிறான்.

எஸ்தர் போன வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் செய்தாள். அடுத்து நார்மல் வகுப்பில் சேர்ந்து உபாத்தியாயினி ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. மூன்று வருஷப் படிப்பு. பெருமையை அடக்கமாட்டாமல் அவள் பாஸான சேதியை நான் ஊருக்கு எழுதினேன். 'படிப்பு முடிந்தது சந்தோஷம், நான் புறப்பட்டு வருகிறேன்' என்று மச்சானிடமிருந்து பதில் வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்கள். நான் பேனாவைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அனுப்ப மாட்டேன் என்று சொன்னால் தங்கத்துக்குப் பிறந்த வீடு இல்லை. அனுப்பிவிட்டால் எஸ்தருக்குப் படிப்பு இல்லை. இரண்டு பேருமே என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

மச்சான் நாகப்பட்டினத்திலிருந்து டெக்கில் வந்தார். மேல்வகுப்பில் வர அவருக்கு வசதி உண்டு. கரண்டியும் முள்ளும் வைத்துத் தின்ன வேண்டுமே என்று டெக் எடுத்தாராம். டெக் பயணிகளை நோய்ப் பரிசோதனைக்காக எதிர்த்தீவில் சில நாள் வைத்திருந்துதான் விடுவார்கள். ஆகவே அவர் இந்த மாநகரத்தில் சாப்பிட்ட முதல் சாப்பாடு தீவுச் சோறு. படகிலிருந்து இறங்கியதும், பேர் பதிகிற சர்க்கார் குமாஸ்தா அவர் ஊரை 'மெட்ராஸ்' என்று பதிந்துகொண்டிருந்தார். மச்சான் விடவில்லை.

"மெட்ராசா? எனக்கும் மெட்ராசுக்கும் என்ன? நான் திருவாங்கூர் மகாராசாக்க பிரஜை. அடிச்சுட்டு மாத்தி எழுதச் சொல்லும் மாப்ள."

மாற்றி எழுத அரை நாள் ஆயிற்று. வந்து இறங்கியதும் அரை நாளில் சர்க்காரை வென்றவரை நான் பத்து நாளில் வெல்ல வேண்டியிருந்தது. எனக்குத் தோன்றிய ஒரே வழி, அவரை நன்றாகச் சாப்பிட வைப்பது. வயிறு குளிர்ந்தால் மனமும் இளகும் என்று நினைத்தேன். நேருக்கு நேர் பேசத் தைரியம் இல்லாதவனின் உபாயம் அது.

3

முதல் கடை, எங்கள் தெருமுனைச் சீனர் காப்பிக்கடை. இங்கே வருகிறவர்கள் பெரிய கடைகளுக்குப் போகாவிட்டாலும் இப்படி ஒன்றுக்குப் போக வேண்டும். வட்டமான பளிங்குக்கல் மேஜை. கரியடுப்பில் வாட்டின ரொட்டி. அதில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துக் கிண்டிய பச்சை விழுது. காப்பியைச் சாஸரில் ஊற்றி உறிஞ்சுகிற தாடிக்காரச் சீனக் கிழவர்களைப் பார்த்ததும் மச்சானுக்குப் பாதிக் கூச்சம் போயிற்று. தானும் சாஸரில் ஊற்றினார்.

"கொள்ளாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அப்போது எஸ்தர் வாயைத் திறந்தாள். "மாமா, நீ இன்னும் ஒரு காப்பி குடிக்கியா?"

சாஸர் பாதி வழியில் நின்றது. இங்கே வளர்கிற நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பள்ளியில், மலாய் தெருவில், தமிழ் அடுக்களையில். அடுக்களைத் தமிழில் தாயோடு பேசிப் பழகிய 'நீ' ஒன்றுதான் உண்டு. தங்கம் பதறிப்போய், "நீங்கன்னு சொல்லணும்டி" என்று இடித்தாள். எஸ்தர், "நீங்க ஒரு காப்பி குடிக்கியா?" என்று திருத்திக்கொண்டாள்.

மச்சான் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "பிள்ள கைவிட்டுப் போச்சு மாப்ள. இப்பமே கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு."

முதல் கடையில் எனக்குத் தோல்வி.

4

இரண்டாவது, சிராங்கூன் ரோட்டில் தமிழர் நடத்தும் இலைச் சாப்பாட்டுக் கடை. துறைமுகத்து ஆட்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், வட்டிக்கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் தோள் இடிக்கச் சாப்பிடுவார்கள். சாம்பார் நன்றாக இருக்கும். நம் ஊர் ருசி கிடைக்கிற இடமாயிற்றே என்று நம்பி அழைத்துப் போனேன்.

மச்சான் உட்கார்ந்த நிமிஷம் முதல் பந்தி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். உப்பு எங்கே, பப்படம் ஏன் இத்தனை சின்னது, புளிசேரி என்ற ஒன்று உண்டா இல்லையா. கடைசியில் சின்ன டம்ளரில் பாயசத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பரிமாறுகிறவர் எங்கள் பின்னால் காத்திருந்தவர்களைப் பார்த்தார்.

மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. நம் ஊர்ப் பந்தியில் பாயசம் நடுவில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பருப்பும் சாம்பாரும் கழிந்து, இலையிலேயே பாயசத்தை விட்டு, பப்படத்தையும் பழத்தையும் நொறுக்கிப் பிசைந்து வழித்த பிறகு, திரும்பவும் சோறு விழும். ரசம் வரும், மோர் வரும். இனிப்பு நாக்கில் நிற்க எழுந்து போவது நமக்கு வழக்கமில்லை.

"பாயசத்தக் காட்டி ஆள வெரட்டுகான் பாத்தீரா?" என்றார். "சோறு போட்டு ரசம் கொண்டா தம்பி."

பரிமாறுகிறவர் ரசம் முதலிலேயே ஊற்றினோமே என்றார். மச்சான் எழுந்து கை கழுவினார். 

கடைகளைப் பற்றித்தான் எழுதச் சொன்னார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரையோரம் ஈந்து மரங்கள் வைத்த வெள்ளைக்காரர் ஹோட்டல் ஒன்று உண்டு. நான் உள்ளே போனதில்லை. வாசலில் நிறுத்தி மச்சானுக்கு வெளியே இருந்து காட்டினேன். "வெள்ளையடிச்ச நம்ம ஊரு வட்டக்கோட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லி நடையைக் கட்டினார்.

5

அவருக்கு முதன்முதலாக மனம் மலர்ந்தது பீச் ரோட்டில், கடை என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில். ஒரு மலாய் அம்மாள் மரத்தடியில் அடுப்பு வைத்து மூங்கில் குழலில் மாவு அவிக்கிறாள். குழலைத் தட்டினால் புட்டு விழுகிறது, மேலே தேங்காய்ப்பூ, உள்ளே உருகின கருப்பட்டி. மச்சான் அதைப் பார்த்துவிட்டு நடுரோட்டில் நின்றுவிட்டார்.

"இது நம்ம புட்டுல்லா! இவங்களுக்கு யாரு குடுத்தது?"

சூடு ஆறுமுன் வாயில் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் காத்திருந்தோம். "பனையில்ல. தென்னங்கருப்பட்டியாக்கும். மூங்கில்ல ஊத்தி எடுத்தது. காய்ச்சினவன் அவசரப்படாம காய்ச்சிருக்கான்."

எஸ்தர் அந்த அம்மாளிடம் மலாயில் கேட்டாள். எல்லாம் அப்படியே. தென்னை; மூங்கில் அச்சு; காய்ச்சுகிறவர் அவளுடைய புருஷன்தானாம். அதற்குப் பிறகு மச்சானும் அந்த அம்மாளும் அரை மணி நேரம் கருப்பட்டி பேசினார்கள். பதனீர் எப்போது இறக்குவது, பாகு எப்போது திரளும், மழைக்காலத்தில் எதில் சுற்றி வைப்பது. நடுவில் நின்று எஸ்தர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாள். புறப்படும்போது அந்த அம்மாள் ஒரு கருப்பட்டிக் கட்டியை மச்சான் கையில் வைத்து, விலை வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

வரும் வழியில் மச்சான் எஸ்தரைப் பார்த்து, "மக்கா, நீ அந்தப் பொம்பளகிட்ட பறஞ்சது பூரா மலாயா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நான் அதைப் பிடித்துக்கொண்டு நம்ப ஆரம்பித்தேன்.

நம்பிக்கை மறுநாள் காலையில் போயிற்று. எஸ்தருக்குச் சீட்டு எடுத்தாயிற்றா என்று கேட்டார். என் சொந்த ஆபீசிலேயே சீட்டுக்கு எழுதிக் கொடுக்கிற விண்ணப்பப் பாரம் வாங்கினேன். அதில் பயணி ஊர் திரும்புகிறவரா, இங்கிருந்து போகிறவரா என்று ஒரு கட்டம். எனக்குப் பிரம்மாண்டமான சந்தேகம் வந்துவிட்டது. எஸ்தர் இங்கே பிறந்தவள். கன்னியாகுமரிக் கடலைக் கண்ணால் கண்டதில்லை. அவள் திரும்புவது எப்படி? எந்த மேலதிகாரியிடம் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். நான் கேட்காமல் பாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன்.

தங்கம் அதைத் துடைத்துத் துடைத்து அதன் இடத்திலேயே வைத்தாள். ஒருநாள் மட்டும், "நீங்க அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லப்படாதா?" என்றாள்.

"என்ன சொல்ல?"

"நமக்கு ஆசைன்னு."

அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் போதவில்லை.

6

கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது லிம் முதலாளி எங்களை விருந்துக்கு அழைத்தார். சர்க்கரை வியாபாரி. அவர் மகளும் எஸ்தரும் ஒரே வகுப்பில் ஒன்றாகப் பாஸானவர்கள். அந்தப் பெண் நார்மல் வகுப்பில் சேர்ந்தாயிற்று. எஸ்தர் போகப் போகிறாள் என்று கேள்விப்பட்டு வழியனுப்பு விருந்து.

இடம், சீனர் வட்டாரத்தில் மூன்று மாடி விருந்துமனை. சிங்கப்பூர் வருகிறவர்கள் யாராவது அழைத்தால் கட்டாயம் போங்கள். தானாகப் போனால் என்ன கேட்பது என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மத்தியானம் போனோம். பெரிய வட்ட மேஜை. லிம் முதலாளி, அவர் மனைவி, மகள், பள்ளிக்கூடத்து மிஸ், நாங்கள் நாலு பேர். பன்றி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். குச்சிகளுக்குப் பதில் எங்களுக்குப் பீங்கான் கரண்டி.

ஒவ்வொன்றாக வந்தது. குளிர்ந்த தட்டு, கோழி, இறால், காளான். மச்சான் ஒவ்வொரு தட்டையும் யார் எந்தப் பக்கமிருந்து வைக்கிறார்கள் என்று கவனித்தார். "முறையாட்டு வெளம்புகான்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். பிறகு சின்னச் சின்னக் கிண்ணங்களில் சூடாகத் தாமரை விதைப் பாயசம் வந்தது.

விருந்து முடிந்ததும் நான் எழுந்து ஆங்கிலத்தில் நன்றி சொல்வதாக ஏற்பாடு. இரண்டு நாளாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். பாயசக் கிண்ணம் காலியானதும் மிஸ் துண்டை மடித்து வைத்தார். நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன்; தொண்டையைச் செருமினேன்.

லிம் முதலாளியின் முகம் மாறிவிட்டது. அவர் மனைவி அவரைப் பார்த்தார். தட்டு ஏந்தி வந்துகொண்டிருந்த ஆள் கதவருகே நின்றுவிட்டான்.

மச்சான் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "இரும் மாப்ள! என்னத்துக்கு எந்திக்கிறீர்? பாயசந்தான வந்திருக்கு? இனி சோறு வரணும், ரசம் வரணும். பந்தி பாதியில நிக்குவு."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். லிம் முதலாளி எஸ்தரிடம் மலாயில், சாப்பாடு பிடிக்கவில்லையா, உன் மாமா என்ன சொல்கிறார் என்று கேட்டார். எஸ்தர் சொன்னாள். சொல்லி முடிக்குமுன் அந்த மனிதர் மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர்கள் பெருவிருந்திலும் இனிப்பு நடுவில் ஒரு முறை வருமாம். வெளியார் யாரை அழைத்தாலும் அதோடு விருந்து முடிந்ததென்று எழுந்து கைகுலுக்கிவிடுவார்களாம். மீனும் சோறும் அடுக்களையில் ஆறிப்போகுமாம். உட்காரத் தெரிந்த வெளியூர் விருந்தாளியை இன்றுதான் பார்த்தேன் என்று எழுந்து வந்து மச்சானுக்குத் தன் கையாலேயே தேநீர் ஊற்றினார்.

முழு மீன் வந்தது. சோறு வந்தது. கடைசியில் மிளகு தூக்கலாகத் தெளிந்த சூப் ஒன்று வந்தது. மச்சான் ஒரு கரண்டி குடித்துவிட்டு, "ரசம் வந்தாச்சு" என்றார். எஸ்தர் அதையும் மலாயில் சொன்னாள். மேஜை முழுக்கச் சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் மச்சான் அவள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நான் ரெண்டு வார்த்ததான பறஞ்சேன். நீ அவருகிட்ட நிறைய பறஞ்சியே, என்ன பறஞ்ச?"

"நம்ம ஊரு பந்தியப் பத்தி மாமா. பருப்பு, சாம்பார், புளிசேரி, பொறவு பாயசம், பொறவு திரும்பச் சோறு, ரசம், மோருன்னு வரிசையா சொன்னேன்."

"நீ ஊரே கண்டதில்ல. இது உனக்கு யாரு பறஞ்சு தந்தா?"

"அம்ம. ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் எல விரிச்சு அப்பிடித்தான் வெளம்புவா. நானும் அம்மயும் மோரு வரைக்கும் இருப்போம்." அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். "அப்பாதான் பாயசத்தோட எந்திச்சுருவாரு. ஸ்வீட் வந்தா டின்னர் முடிஞ்சுதுன்னு சொல்லுவாரு."

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் விசாரித்த பந்தியில் கல்யாணம் பண்ணிக்கொண்டவன் நான். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"அப்பம் கைவிட்டுப் போனது பிள்ள இல்ல" என்றார்.

7

வீட்டுக்குக் கடலோரமாக நடந்து வந்தோம். தங்கமும் எஸ்தரும் முன்னால் போனார்கள். மச்சான் என்னோடு பின்னால் வந்தார். பிறகு கைப்பிடிச் சுவர் அருகே நின்றார்.

"அந்தச் சீனத்தி மக படிக்கப் போறாளாமே, எத்தன வருசம்?"

"மூணு வருஷம் மச்சான்."

"எஸ்தருக்கும் அதுதான் ஆசையா?"

இத்தனை வருஷம் வாய்க்குள் இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "அவளுக்கும் ஆசை. தங்கத்துக்கும் ஆசை. எனக்கும் ஆசைதான் மச்சான். உங்ககிட்ட சொல்லப் பேடியா இருந்துது."

"சொல்லுகதுக்கு என்ன பேடி? நான் என்ன புலியா?" என்று சீறினார். பிறகு குரல் இறங்கியது. "பரீச்ச பாசானேன்னு எழுதுனீரு. நான் படிப்பு கழிஞ்சுதுன்னு வந்துட்டேன். அது பாயசந்தான், இல்லியா? இனித்தான் சோறு கெடக்கு. இந்தப் பந்தியில நான் கை நனச்ச பிள்ளயப் புடிச்சு எழுப்பப் பாத்தேன். நான்! ஊருல எவனாவது செஞ்சிருந்தா அவன விட்டிருப்பனா?"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அப்படித்தான்.

"தாசன்?" என்று கேட்டேன்.

"அவனுக்கு என்ன அவசரம்? தராசு புடிக்கட்டு. பிள்ள பந்தி முடிஞ்சு கை கழுவட்டு. பொறவு அவகிட்ட கேப்போம். அவளுக்கு இஷ்டமிருந்தா நடக்கும், இல்லேன்னா இல்ல."

வீட்டில் தங்கத்திடம் இதைச் சொன்னபோது அவள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏட்டி, அழாத. போயி அரி போடு, ராத்திரிக்கு ரசம் வய்யி. இவருக்கு மட்டும் பாயசம்" என்று என்னைக் காட்டினார்.

கப்பல் நாளன்று பெட்டி கட்டும்போது, மலாய் அம்மாள் கொடுத்த கருப்பட்டிக் கட்டியைச் சுற்றக் காகிதம் தேடினார். மேஜைமேல் அந்தப் பாரம் கிடந்தது. திரும்புகிறவரா, போகிறவரா என்ற கட்டம் காலியாகவே இருந்தது.  அவர் அதை எடுத்து, கருப்பட்டியை வைத்து, நாலு மூலையும் வியாபாரிக் கையால் மடித்து, நூல் கட்டினார்.

ஆகவே ஆசிரியரே, நீர் கேட்ட கடைகள் இவைதான். காப்பிக்கடை, இலைக்கடை, மரத்தடிப் புட்டு, சீனர் விருந்துமனை. முதல் மூன்றுக்கும் யாரும் போகலாம். நாலாவதற்குப் போனால் இனிப்பு வந்ததும் எழுந்துவிடாதீர்கள்.

எஸ்தர் இப்போது காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, நார்மல் வகுப்புக்கும் போய் வருகிறாள். மச்சானிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வருகிறது. எனக்கு நாலு வரி, தங்கத்துக்கு எட்டு வரி. அடியில் எஸ்தருக்கு எப்போதும் ஒரே வரி: 'ரசம் வந்தாச்சா?'

அவளும் ஒவ்வொரு மாதமும், தமிழில், தன் கையால் பதில் எழுதுகிறாள். 'இல்லை மாமா. இப்போதுதான் சோறு விழுந்திருக்கிறது. நீங்கள் பந்தியை விட்டுப் போகாதீர்கள்.'